கண் முள்ளிலேயே இருக்கட்டும்: வீட்டில் ஃப்ளை கட்டும் மேசையை அமைப்பது எப்படி

மீன்தூண்டிலுக்கான ஃப்ளை கட்ட உட்கார்ந்தால் நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். நூல் சுற்றுவதில் போகாது. கத்தரிக்கோல் எங்கே, அந்த ஆலிவ் நிற டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றும் ரோமத் துணுக்கு) எந்தக் கவரில் இருந்தது, 14-ஆம் எண் முள் டப்பாவை எங்கே வைத்தோம் என்று தேடுவதில்தான் பாதி மாலை கழிந்துவிடும். நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேடுவதற்காகக் கண்ணை எடுத்த அந்த நொடியில் இடதுகைப் பிடி தளர்ந்து, நூலின் இறுக்கம் போய், வாலாக வைத்த இறகு முள்ளின் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். மறுபடி பிரித்து மறுபடி சுற்ற வேண்டும்.

அதனால் மேசை அமைப்பதில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விதி. கண் முள்ளிலேயே இருக்க வேண்டும், கை தானாகப் போய் வேண்டியதை எடுத்து வர வேண்டும். நல்ல தையற்காரர் கத்தரிக்கோலைத் தேடுவதில்லை, கை நீளும், கத்தரிக்கோல் அங்கே இருக்கும். எதை வாங்குவது, எங்கே வைப்பது, எதை மேசையை விட்டே துரத்துவது என்ற எல்லாக் கேள்விக்கும் இதை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: தூண்டில் முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல், கம்பி எல்லாம் சுற்றி, மீன் தின்னும் பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ செய்வதைத்தான் ஃப்ளை கட்டுவது என்கிறோம். கைவேலை முழுக்க ஒரு நெல்மணி அளவு இடத்தில் நடக்கும் விஷயம். அதனால்தான் சுற்றியிருக்கும் இடம் இவ்வளவு முக்கியமாகிறது.

மேசையும் இடமும்

தனி அறை வேண்டும் என்பதில்லை. சுமார் 90 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள மேசை தாராளமாகப் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் பொருள்கள் பரவிப் போய், கைக்கு எட்டாத தூரத்தில் குடியேறிவிடும். சாதாரண எழுது மேசையின் உயரமே, அதாவது 72 முதல் 76 செ.மீ. வரை, சரியாக இருக்கும். முக்கியமானது மேசை ஆடக்கூடாது. கால் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தால் எழுதும்போது தெரியாது, ஆனால் மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும் வைஸின், அதாவது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவியின், நுனியில் அந்த ஆட்டம் பல மடங்காகத் தெரியும். காலுக்கடியில் மடித்த அட்டை வைப்பதற்குப் பதில் ஒருமுறை ஒழுங்காகச் சரிசெய்துவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, காற்று. மின்விசிறிக்கு நேர் கீழேயோ கதவுக்கு எதிரிலோ உட்கார்ந்தால் பஞ்சு போல மெல்லிய மராபூ இறகு ஒவ்வொரு பிடியும் பறக்கும். அடுத்தது வெயில். ஜன்னலோரம் உட்கார ஆசையாக இருக்கும், ஆனால் நேர் வெயில் சாயமிட்ட இறகை வெளுக்க வைக்கும், நைலான் நூலை நாளடைவில் பலவீனமாக்கும், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் யூவி ரெசின் என்ற பசையைக் குப்பியின் மூக்கிலேயே இறுக வைத்துவிடும். மூன்றாவது தரை. கம்பளம் விரித்த தரையில் ஒரு 18-ஆம் எண் முள் விழுந்தால் அதைக் கண்டுபிடிப்பது உங்கள் கண்ணாக இருக்காது, யாராவது ஒருவரின் பாதமாக இருக்கும். வேறு வழியில்லை, கம்பளம் உள்ள அறைதான் என்றால் நாற்காலிக்கும் மேசைக்கும் அடியில் வெளிர்நிற வழவழப்பான பாய் ஒன்று விரியுங்கள்.

நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாமல் இருப்பது நல்லது, மேசைக்குள் நெருங்கி உட்காரலாம். உட்கார்ந்து முன்கைகளை மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டு பாருங்கள். முள் உங்கள் மேல்மார்பு உயரத்தில், கண்ணிலிருந்து நீங்கள் சாதாரணமாகப் புத்தகம் படிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் வைஸ் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் கழுத்தே சொல்லிவிடும்.

வைஸ்: காசை இங்கே போடுங்கள்

வைஸில் இரண்டு வகைத் தாங்கி உண்டு. மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சி-கிளாம்ப் ஒன்று, கனமான இரும்புத் தட்டின் மேல் நிற்பது இன்னொன்று. கிளாம்ப் அசையவே அசையாது, உயரத்தையும் ஏற்றி இறக்கலாம், மேசைமேல் இடமும் பிடிக்காது. ஆனால் மேசை விளிம்பு அதற்கு ஒத்துவர வேண்டும், அடியில் சட்டம் ஓடினால் கவ்வ முடியாது, எனவே வாங்கும் முன் விளிம்பின் தடிமனையும் அடிப்பக்கத்தையும் அளந்து பாருங்கள். தட்டு வகையை எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். தட்டு லேசாக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள், மான் ரோமத்தை இறுக்கிக் கட்டும்போது வைஸே உங்களை நோக்கி நகர்ந்து வரும். நிரந்தரமாக ஒரே மேசைதான் என்றால் நான் கிளாம்ப் பக்கம். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் தோல் துண்டோ ரப்பரோ வைத்தால் மரத்தில் தழும்பு விழாது.

வைஸ் நல்லதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. 10-ஆம் எண் முள்ளை அதன் வளைவில் வைத்துக் கவ்வுங்கள். தூண்டில் நூல் கட்டும் காதின் பக்கம் விரலால் மெல்ல அழுத்துங்கள். முள் வில் போல வளைந்து மீண்டால் சரி. வாயிலிருந்து நழுவிக் கீழே திரும்பினால் அந்த வைஸ் உங்களை வருடக்கணக்கில் படுத்தும். அதே நேரம், பிடிப்பு போதவில்லை என்று மேலும் மேலும் முறுக்கவும் கூடாது, சின்ன முள் ஒடியும், வைஸின் வாயும் பழுதாகும். முள்ளின் அளவு மாறும்போதெல்லாம் வாயின் இடைவெளியையும் மாற்றிச் சரிசெய்யும் பழக்கம் வேண்டும்.

சுழலும் வைஸ் வைத்திருந்தால் முள்ளின் தண்டு சுழல் அச்சோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். தண்டு வட்டமடிக்காமல் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். சுழலும் வசதி இல்லாத வைஸிலும் அருமையாகக் கட்டலாம், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வைஸுக்கு அடுத்து கத்தரிக்கோல். நுனி வரை வெட்டும், மெல்லிய முனையுள்ள ஒன்றை நூலுக்கும் இறகுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி, தடித்த ரோமம், அட்டை எல்லாவற்றுக்கும் பழைய கத்தரிக்கோல் வேறொன்று. கம்பியை ஒரே ஒருமுறை நல்ல கத்தரிக்கோலின் நுனியில் வெட்டினாலும் அந்த இடத்தில் ஒரு பல் விழும், அப்புறம் அது இறகை வெட்டாது, மடக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பழையதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

நூல் கண்டைப் பிடித்துக் குழாய் வழியாக நூலை விடும் பாபின், கடைசி முடிச்சைப் போடும் விப் ஃபினிஷர், ஹேக்கிளை, அதாவது முள்ளைச் சுற்றும் சேவல் இறகை, நுனியில் கவ்வும் ஹேக்கிள் பிளையர், பிடி வைத்த ஊசி, இவை அடுத்த வரிசை. மற்றவற்றை எல்லாம் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். முப்பது நிறங்களில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் அடைத்து வரும் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் இருபது நிறங்களை நீங்கள் தொடவே மாட்டீர்கள், தொடும் இரண்டு நிறங்கள் மூன்றாவது ஃப்ளையிலேயே தீர்ந்துவிடும். எவ்வளவு குறைவாக வைத்துக் கட்ட முடியும் என்பதற்கு ஃபிராங்க் சாயர் இருக்கிறார். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த அவர், தன் பேர்பெற்ற ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போன்ற ஃப்ளை) நூலே இல்லாமல் கட்டினார். ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் சில இழைகள், மெல்லிய செப்புக் கம்பி, ஒரு முள், அவ்வளவுதான். கம்பியே நூலாகவும் எடையாகவும் வேலை செய்தது.

வெளிச்சம்

மஞ்சள் விளக்கின் கீழ் ஆலிவையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்று போலவே தெரியும். காலையில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி ஃப்ளை ஒரு நிறமும் பாதி இன்னொரு நிறமுமாக இருக்கும். பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான, 5,000 கெல்வின் அளவிலான எல்.ஈ.டி. விளக்கு வாங்குங்கள், பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. வாட்டை விட இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கழுத்து வளையும் விளக்காக இருக்கட்டும். வலதுகைக்காரர் என்றால் இடது முன்பக்க மேலிருந்து வெளிச்சம் வர வேண்டும், நூல் சுற்றும் கையின் நிழல் முள்மேல் விழாது. இடதுகைக்காரருக்கு இதற்கு எதிர்ப்பக்கம். பல்ப் நேராகக் கண்ணில் படாதபடி விளக்கின் தலையை முள்ளுக்குச் சற்று மேலே இறக்கிக்கொள்ளுங்கள். அறை விளக்கையும் போட்டே வைத்திருங்கள். சுற்றிலும் இருட்டாக வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் மட்டும் பளிச்சென்ற வெளிச்சம் இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

அப்புறம் வைஸுக்குப் பின்னால் ஒரு அட்டை. இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள். ஏ4 அளவில் பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் அல்லது இளம்பச்சை அட்டையை முள்ளுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். பின்னால் இருக்கும் டப்பாக்கள், நூல் கண்டுகள், கவர்கள் எல்லாம் மறைந்து முள்ளும் இறகும் மட்டும் தனியாக எழுந்து தெரியும். ஹேக்கிள் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அட்டையின் மறுபக்கத்தில் கருநீலத் தாள் ஒட்டி வைத்தால் வெள்ளை ஃப்ளை கட்டும்போது திருப்பிக்கொள்ளலாம். சின்ன முள் கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் மேசையில் நிற்கும் பெரிய பூதக்கண்ணாடியை விட, படிக்கும் கண்ணாடி போல முகத்தில் மாட்டும் உருப்பெருக்கியே சௌகரியம், நூல் சுற்றும் கைக்குக் குறுக்கே எதுவும் நிற்காது.

எது எங்கே

மேசைமேல் மனதால் மூன்று அரைவட்டம் போடுங்கள். முழங்கையை அசைக்காமல் கை போகும் தூரம் முதல் வட்டம். கையை நீட்டினால் எட்டுவது இரண்டாவது. எழுந்தோ திரும்பியோ எடுக்க வேண்டியது மூன்றாவது.

முதல் வட்டத்தில் கருவிகளும் அன்றைக்குக் கட்டும் ஃப்ளைக்கு உரிய பொருள்களும் தவிர வேறு எதற்கும் இடமில்லை. வலதுகைக்காரருக்கு முள்ளின் காது வலப்பக்கம் பார்த்திருக்கும், வலதுகை நூலைச் சுற்றும், இடதுகை இறகைப் பிடித்து வைக்கும். ஆக, கருவிகள் வலப்பக்கம், இறகும் ரோமமும் இடப்பக்கம். இதை மாற்றி வைத்தால் ஒவ்வொரு முறையும் கை கையைத் தாண்டிப் போகும், நூல் அதில் சிக்கும். கருவிகளுக்கு ஒரு மரக்கட்டையில் துளை போட்டுச் செருகி வைப்பது போதும். வரிசை முக்கியம்: வைஸுக்கு மிக அருகில் விப் ஃபினிஷர், அடுத்து ஊசி, அடுத்து ஹேக்கிள் பிளையர் என்று ஏதாவது ஒரு வரிசை. எந்த வரிசை என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நாளில் விரல் பழகிவிடும். கத்தரிக்கோலுக்கு இடமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், மோதிர விரலில் மாட்டியபடியே உள்ளங்கையில் மடக்கி வைத்துக்கொண்டு கட்டுவார்கள். முதல் வாரம் கை கனக்கும், பழகிய பின் ஒவ்வொரு ஃப்ளைக்கும் எத்தனை முறை கீழே வைத்து எடுத்தோம் என்று நினைத்தாலே ஆச்சரியமாக இருக்கும். பழகிப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது வட்டம் நூல், முள், கம்பி, ஃப்ளையின் தலையில் எடைக்காகக் கோக்கும் மணி. மூன்றாவதில் இறகுகள், தோல்கள், மற்ற எல்லாம்.

நூலுக்கு டெனியர் என்ற அளவு இருக்கிறது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர், அதாவது 70 டெனியர் நூலை ஒன்பது கிலோமீட்டர் எடுத்தால் 70 கிராம் இருக்கும். நடுத்தர, சின்ன முட்களுக்கு 70, பெரிய ஃப்ளைகளுக்கு 140, மான் ரோமத்தை இறுக்கிப் பரப்ப 210, இப்படி மூன்று தடிமன் போதும். பாபின் ஒன்றுக்கு மேல் வாங்குங்கள், குறைந்தது மூன்று. அதிகம் பயன்படும் நூலை ஒவ்வொன்றிலும் கோத்தே வைத்துவிட்டால் நடுவில் நூல் மாற்றும் வேலையே இல்லை. குழாய் பீங்கானாக இருந்தால் நூலை அறுக்காது. மீதிக் கண்டுகளைப் பலகையில் ஆணி அடித்து மாட்டலாம், மூடியுள்ள டப்பாவாக இருந்தால் தூசியும் வெளிச்சமும் படாமல் இன்னும் நல்லது. நூலின் நுனி அவிழாமல் இருக்க ஒவ்வொரு கண்டுக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம்.

முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறியதாகும், 16-ஐ விட 12 பெரியது, 1-ஐத் தாண்டிய பின் 1/0, 2/0 என்று மறுபடி பெரிதாகிக்கொண்டே போகும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கவரைப் பிரித்து முட்களை அறைகள் உள்ள டப்பாவில் கொட்டிவிடுவது. ஒரு மாதம் கழித்து 14-க்கும் 16-க்கும் வித்தியாசம் தெரியாது, எந்த வடிவம் என்பதும் தெரியாது. கொட்டுவதானால் கவரில் இருக்கும் எண்ணையும் பெயரையும் வெட்டி அதே அறைக்குள் போட்டு வையுங்கள். மூடியில் எழுதினால் போதாதா என்றால் போதாது, மூடி திரும்பிவிடும். ஈரப்பதம் உள்ள இடமானால் டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

மணிகளுக்கும் இதே ஒழுங்குதான். 16-ஆம் எண்ணுக்கு 2.4 மில்லிமீட்டர், 14-க்கு 2.8, 12-க்கு 3.3 என்று பொதுவாகப் பொருந்தும், இதை ஒரு சீட்டில் எழுதி விளக்கின் காலில் ஒட்டிவிடுங்கள். மணியை முள்ளில் கோக்கும்போது சின்னத் துளையின் வழியாக முனையை விட வேண்டும், அப்போதுதான் சின்னத் துளை காதின் பக்கம் வந்து நிற்கும். மணிகளை எப்போதும் ஓரம் உயர்ந்த வெள்ளை மூடி ஒன்றில் கொட்டி எடுங்கள். அதற்கு அடியில் கம்பளித் துணி ஒன்று விரித்திருந்தால் தப்பி விழும் மணியும் உருண்டு ஓடாது. எடைக்கு ஈயக் கம்பி பயன்படுத்தினால் கை கழுவாமல் வாய்க்கு எதையும் கொண்டு போகாதீர்கள், ஈயமில்லாத கம்பியும் கிடைக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதையே வாங்குங்கள்.

பசைக் குப்பிக்கு நிரந்தரமான குழி ஒன்று வேண்டும். கனமான மரக்கட்டையில் குப்பி இறங்கும் அளவுக்குத் துளை போட்டு அதில் வைத்துவிட்டால் முழங்கை பட்டாலும் கவிழாது. கடைசி முடிச்சின் மேல் தடவும் பசையான ஹெட் சிமெண்டின் ஆவி தலைவலி தரும், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஊசியால் ஒரு சொட்டு எடுத்த உடனே மூடுங்கள். யூவி ரெசின் வைத்திருந்தால் அதன் விளக்கைக் கண்ணில் அடிக்காதீர்கள், பளபளக்கும் வைஸிலிருந்து திரும்பி வரும் ஒளியும் அதில் சேர்த்தி. இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும், எனவே விரலால் தடவிச் சமன்செய்யும் பழக்கம் வேண்டாம், ஊசியே போதும்.

குப்பைக்கு வைஸுக்கு நேர் கீழே மேசை விளிம்பில் ஒரு பை தொங்க வேண்டும். தடித்த கம்பியை வளையமாக வளைத்து அதில் பையை மாட்டிக் கிளிப் போட்டால் முடிந்தது. வெட்டிய துணுக்குகளை ஒரே தள்ளில் உள்ளே தள்ளிவிடலாம். உடைந்த முட்கள் மட்டும் அதில் போகக்கூடாது, அவற்றுக்கு மூடியுள்ள தனிக் குப்பி.

இறகும் ரோமமும், அவற்றைத் தின்ன வருபவையும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நான் நிறைய நாள் காத்து வைத்திருந்த பழுப்புநிறச் சேவல் கழுத்துத் தோல் ஒன்று இருந்தது. ஒரு நாள் கவரைத் திறந்தேன். அடியில் மணல் போல நுண்ணிய பொடி கிடந்தது. இறகு ஒன்றைப் பிடித்து இழுத்தேன், இழுக்கும் முன்பே கையோடு வந்துவிட்டது, தண்டின் அடியை ஏதோ அறுத்திருந்தது. கவரை விளக்கில் காட்டிப் பார்த்தால் அரிசியை விடச் சிறிய, முடி அடர்ந்த பழுப்புச் சட்டைகள், புழு உரித்துப் போட்டவை. கம்பள வண்டு. அதே டப்பாவில் இருந்த முயல் முகத்தோலிலும் மயில் இறகிலும் அவை ஏற்கெனவே புகுந்திருந்தன. மூன்று வருடம் சேர்த்ததை ஒரே மாலையில் வெளியே கொண்டு போய் அழித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அந்துப்பூச்சியின் புழுவும் சரி, இந்த வண்டின் புழுவும் சரி, இறகிலும் ரோமத்திலும் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழ்பவை. புதிதாக வரும் பொருளோடு முட்டையாகவோ புழுவாகவோ உள்ளே நுழைந்துவிடும். ஆகவே புதிதாக வாங்கிய எந்த இயற்கைப் பொருளும், எவ்வளவு நல்ல இடத்திலிருந்து வந்தாலும், யாராவது அன்போடு கொடுத்ததாகவே இருந்தாலும், நேராக மற்றவற்றோடு சேரக்கூடாது. ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும் வரை, ஒரு நாள் முழுக்க, அப்படியே மூடியிருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த இறகின் மேல் ஈரம் படியும், பின்னால் பூஞ்சை வரும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இறகு என்றால் அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அலசி, துணியில் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பச்சைத் தோல் ஒட்டிய துண்டுகள் பதப்படுத்தாமல் இருந்தால் அவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

அந்துருண்டை போடலாமே என்பார்கள். நான் போடுவதில்லை. ஒரு மணி நேரம் மூக்குக்கு அருகில் வைத்து வேலை செய்யும் பொருளில் அந்த வாடை ஏறுவதை நான் விரும்பவில்லை, அந்த ஆவியைச் சுவாசிப்பது உடம்புக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு தோலுக்கும் தனி ஜிப் கவர், அந்தக் கவர்கள் எல்லாம் ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் தெளிவான டப்பாவில், இரட்டைக் காவல். ஒன்றில் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கவரையும் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், அடியில் பொடி தெரிந்தால் அந்தக் கவர் உடனே ஃப்ரீசருக்கு. செயற்கை இழைகளை இவை தின்னாது, அவற்றைத் திறந்த டப்பாவில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இயற்கை ஒருபக்கம், செயற்கை ஒருபக்கம் என்ற இந்தப் பிரிவினையைத்தான் முதல் பிரிவினையாக வைக்கச் சொல்வேன்.

அதற்குள் எப்படி அடுக்குவது? நிறவாரியாக அடுக்குவது பார்க்க அழகு, ஆனால் உதவாது. யாரும் “பழுப்பாக ஏதாவது வேண்டும்” என்று தேடுவதில்லை, “பழுப்பு ஹேக்கிள் வேண்டும்” என்றுதான் தேடுவோம். முதலில் பொருள்வாரி, அதாவது கழுத்து இறகு ஒரு டப்பா, மராபூ ஒரு டப்பா, மான், எல்க் ரோமம் ஒரு டப்பா. அதற்குள்ளே வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை நிறவாரி. கவர்களைப் படுக்க வைக்காதீர்கள், நூலகத்துச் சீட்டு போல நிறுத்தி வைத்து மேல் ஓரத்தில் பெயர் எழுதுங்கள்.

இன்னொன்று. வழியில் கிடக்கும் காட்டுப் பறவை இறகை எடுத்து வந்து சேர்க்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், பூச்சி பயமும் உண்டு. சால்மன் மீனுக்கான பழைய பாணி ஃப்ளைகளுக்கு அரிய பறவைகளின் இறகைத் தேடிப் போகும் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2009-இல் பார்த்தோம், இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் அதற்காகவே திருடப்பட்டன, ஆராய்ச்சிக்காக நூறாண்டுக்கும் மேல் காத்து வைத்தவை அவற்றில் இருந்தன. சாயமிட்ட கோழி, வான்கோழி இறகில் அதே ஃப்ளைகளை அழகாகக் கட்டலாம்.

உட்கார்ந்து கட்டும் முறை

மேசை அமைப்பு சரியா என்று தெரிய ஒரு ஃப்ளையை எடுத்து ஒரு டஜன் கட்டிப் பாருங்கள். நான் வூலி பக்கரைச் சொல்வேன். பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் 1967-இல் உருவாக்கியது, பொருளும் குறைவு, பலவகை மீனுக்கும் ஆகும். நீளத் தண்டுள்ள 8-ஆம் எண் முள், மணி, 140 டெனியர் கறுப்பு நூல், மராபூ, ஷெனில் என்ற பஞ்சு போன்ற தடித்த நூல், சேவல் முதுகு இறகு, செப்புக் கம்பி. ஏழே பொருள். இந்த ஏழைத் தவிர முதல் வட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஃப்ளையாக ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு முள்ளிலும் மணியைக் கோத்துக் காந்தத் துண்டின் மேல் வரிசையாக நிறுத்துங்கள். ஷெனிலைப் பன்னிரண்டு துண்டாக, கம்பியையும் அப்படியே, வெட்டி வையுங்கள். மராபூவில் பன்னிரண்டு பிடியைப் பிரித்து, நுனிகளை ஒரே பக்கம் பார்த்து அடுக்கி, பறக்காமல் இருக்க ஒரு சின்ன அட்டையைச் சாய்த்து மூடுங்கள். முதுகு இறகுகளை இழை நீளம் பார்த்து ஒரே அளவாகப் பொறுக்குங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகும். அதன் பின் நூலைக் கட்டி, முள்ளின் தண்டு நீளத்துக்கு வால் வைத்து, கம்பியைச் சேர்த்து, ஷெனிலைச் சுற்றி, இறகைத் திருகுசுருளாக முன்னிருந்து பின்னுக்குக் கொண்டு போய், கம்பியை எதிர்த்திசையில் சுற்றி அதைப் பூட்டி முடிக்கும்போது கை நிற்கவே நிற்காது. நாலாவது ஃப்ளையில் வாலின் நீளம் ஒன்றுபோல வர ஆரம்பிக்கும். ஏழாவதில் ஒரு தாளம் வரும், நூல் மணிக்குப் பின்னால் போய் நிற்கும் இடம் விரலுக்கே தெரியும்.

கட்டும்போது கை எங்கெல்லாம் தடுமாறியது, எதைத் தேடினீர்கள், கண் எப்போது முள்ளை விட்டது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்தப் பொருளின் இடத்தை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி அடுக்கினால் பழகிய கை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

அடிக்கடி கட்டும் மூன்று நான்கு ஃப்ளைகளுக்கு மட்டும் பொருள்வாரி விதியை மீறலாம். ஒவ்வொரு ஃப்ளைக்கும் வேண்டிய பொருள்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே ஜிப் கவரில் போட்டு, கட்டிய ஃப்ளை ஒன்றையும் மாதிரிக்காகச் சின்ன அட்டையில் குத்தி உள்ளே வையுங்கள். அரை மணி நேரம் மட்டும் கிடைக்கும் நாளில் அந்த ஒரு கவரை எடுத்தால் போதும்.

மேசையை நிரந்தரமாக விட முடியாத வீடு என்றால் 60-க்கு 40 செ.மீ. பலகை ஒன்றை எடுத்து மூன்று பக்கம் சட்டம் அடியுங்கள், முன்பக்கம் கை சாய்க்கத் திறந்திருக்கட்டும். தட்டு வைஸ், கருவிக் கட்டை, பசைக் கட்டை, மூன்று பாபின் எல்லாம் அதிலேயே நிலையாக இருக்கும். வேலை முடிந்ததும் பலகையோடு தூக்கி அலமாரிக்குள். இறகு டப்பாக்கள் தனியாக அடுத்த தட்டில். எந்த மேசையில் கொண்டு போய் வைத்தாலும் கைக்கு அதே இடம்தான், இது பெரிய மேசையை விட நன்றாக வேலை செய்வதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

முடிக்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வைஸின் வாயைத் தளர்த்தி வைக்க வேண்டும். பாபினில் நூல் நுனி குழாய்க்குள் ஓடிவிடாமல் ஒரு விரல் நீளம் வெளியே தொங்கட்டும். ஒவ்வொரு கவரையும் மூடி அதனதன் டப்பாவுக்கு, பசை மூடியை இன்னொருமுறை இறுக்கி. காந்தத்தை மேசைமேலும், நாற்காலியைச் சுற்றித் தரையிலும் ஒரு வலம் விடுங்கள். கடைசியாக முட்களை எண்ணுங்கள்: பன்னிரண்டு எடுத்தீர்கள், பதினொரு ஃப்ளை அட்டையில் இருக்கிறது, ஒன்று உடைந்து குப்பியில் கிடக்கிறது என்றால் சரி. கணக்கு உதைத்தால் விளக்கை அணைக்காதீர்கள், அந்த ஒரு முள் கிடைக்கும் வரை யாரையும் செருப்பில்லாமல் அந்தப் பக்கம் வர விடாதீர்கள்.